பாட்டுப் பாவும் பாரதிப் பாவும்

மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. ஒரு கட்டுரையை நாலு தடவை பார்த்த பிறகு ஐந்தாவது தடவை கண் ஒத்துழைக்காது. என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு என்ன இருக்க வேண்டுமோ அதைப் பார்த்துக்கொண்டு போகும். அதனால் சில வருடங்களாகக் கடைசி மெய்ப்பைக் காதால்தான் பார்க்கிறேன். எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளிடம் கட்டுரையைக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். விடுபட்ட சொல்லும் இரண்டு முறை விழுந்த சொல்லும் காதில் முள்ளாகக் குத்தும்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒருநாள், நடிப்பைப் பற்றிய கட்டுரை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நடிகரைப் பற்றி, “முகத்தில் பாவமே இல்லை” என்று ஒரு வரி. எழுதியவர் குறையாகச் சொன்னது. மென்பொருளின் வாயில் அது நற்சான்றிதழாகிவிட்டது. எந்தப் பாவமும் அறியாத முகம், பச்சைக் குழந்தை மாதிரி. சிரித்துவிட்டு அந்த வரியை மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் அதே நற்சான்றிதழ்.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். மென்பொருள் எப்படி உச்சரித்தது, எப்படி உச்சரித்திருக்க வேண்டும் என்பதை உங்களுக்கு எழுதிக் காட்ட வழியே இல்லை. இரண்டும் “பாவம்”தான். தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசம் கிடையாது. பாட்டு என்னும்போது வரும் பா ஒன்று, பாரதி என்னும்போது வரும் பா இன்னொன்று. புண்ணியத்துக்கு எதிரான பாவத்துக்குப் பாட்டுப் பா. முகத்தில் காட்டும் பாவத்துக்குப் பாரதிப் பா. கட்டுரை முடியும்வரை இந்த இரண்டு பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

“தமிழில் எழுதுகிறபடி வாசிக்கலாம், ஆங்கிலம் மாதிரி இல்லை” என்று நாம் எல்லோரும் ஒருமுறையாவது பெருமை பேசியிருப்போம். நானும்தான். முக்கால்வாசி உண்மை அது. தமிழுக்கே உரிய சொற்களில் க, ச, ட, த, ப எப்போது எப்படி ஒலிக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டித்து வரும்போதும் வலிந்து ஒலிக்கும், மெல்லினத்துக்குப் பின்னும் இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் இளகிவிடும். “கல்”லில் வரும் க வேறு, “தங்கம்” என்பதில் வரும் க வேறு, “பகல்” என்பதில் வரும் க வேறு. ஒரே எழுத்து, ஆனால் இடத்தைப் பார்த்தே ஒலியைச் சொல்லிவிடலாம் என்பதால் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது சுலபம். சில பத்து விதிகள் போதும். ஈஸ்பீக் என்கிற திறமூல மென்பொருள் பல வருடங்களாகத் தமிழ் வாசித்துவருவது ஏறக்குறைய இந்த வழியில்தான். மொழிக்கு ஒரு விதிக் கோப்பு, அந்த விதிகளுக்கு அடங்காத சொற்களுக்கு ஒரு பட்டியல் கோப்பு. குரல் தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் சின்னது, வேகமானது, எதிலும் ஓடும்.

வடமொழியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்து உட்கார்ந்த சொற்களுக்கு இந்த விதிகள் பொருந்துவதில்லை. அந்தச் சொற்கள் இல்லாமல் இன்று ஒரு பத்தி எழுதவும் முடியாது. “ஆட்டைப் பலி கொடுத்தார்கள்” என்பதில் “பலி”யைத் தனியாகச் சொன்னால் வருவது பாரதிப் ப. “கனவு பலித்தது” என்பதில் வருவது பாட்டுப் ப. “பலி” என்று தொடங்கினால் இப்படி என்று ஒரு விதி எழுதினால் இரண்டில் ஒன்று கட்டாயம் கெடும். “பரீட்சையில் பாஸ்” ஒரு பாஸ், “எங்க பாஸ் இன்னும் வரல” இன்னொரு பாஸ். கேஸ் போட்டால் வழக்கு, கேஸ் கசிந்தால் வாயு. சரி, பக்கத்துச் சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்றால், “கேஸ் முடிஞ்சிருச்சு” என்பதை என்ன செய்வது? தீர்ப்பு வந்ததா, சிலிண்டர் காலியா?

எனக்குப் பிடித்த உதாரணம் “பீமனின் கதை”. பீமனைப் பற்றிய கதையா, பீமன் தோளில் இருக்கும் கதையா? முதலாவதில் கல்லின் க, இரண்டாவதில் குருவில் வரும் கு மாதிரியான க. கதையைச் சொன்னான், கதையைச் சுழற்றினான் என்று வினைச்சொல் வந்தால்தான் தெரியும். அந்த வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கும். நமக்கு வினை எப்போதுமே கடைசியில்தானே. ஆக, பத்துச் சொல் தள்ளி வரப்போகிற ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இப்போது வாயைத் திறக்க முடியும். உரக்க வாசிக்கும்போது நம் கண் வாயைவிடச் சில சொற்கள் முன்னால் ஓடுவது இதற்கும் உதவுகிறது.

இன்னொன்று, மெய்ப்புத் திருத்துபவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரும். போரைப் பற்றிய படம் “போர்ப் படம்”. பார்த்தால் கொட்டாவி வருகிற படம் “போர் படம்”. நடுவில் ஒரு ப் இருக்கிறதா என்பதை வைத்தே முதல் சொல்லின் உச்சரிப்பைத் தீர்மானித்துவிடலாம். வல்லினம் மிகும் இடங்களில் எல்லோரும் ஒழுங்காக ஒற்றுப் போட்டால் கணினிக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். யார் போடுகிறார்கள்? நானே மூன்றாவது மெய்ப்பில்தான் போடுகிறேன்.

ஆங்கிலத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு, அவர்கள் அதை ஆரம்பம் முதலே தெரிந்து வைத்திருந்தார்கள். ஆர், இ, ஏ, டி என்று நாலு எழுத்து. இன்று வாசித்தால் ரீட், நேற்று வாசித்திருந்தால் ரெட். எல், இ, ஏ, டி என்றால் தலைமை தாங்குவது லீட், ஈயம் லெட். போலந்துக்காரரைக் குறிக்கும் போலிஷும் செருப்புக்குப் போடும் பாலிஷும் ஒரே எழுத்துகள்தான். முதல் எழுத்து பெரியதா சிறியதா என்பது மட்டுமே வித்தியாசம். அந்தச் சொல்லே வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்துவிட்டால் அந்தத் துப்பும் போயிற்று. 1990களில் டேவிட் யரோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இதற்குச் செய்த வேலை இன்றும் பேசப்படுகிறது. குழப்பமான சொல்லுக்கு இரண்டு பக்கமும் என்னென்ன சொற்கள் நிற்கின்றன என்று ஏராளமான உரைகளிலிருந்து கணக்கெடுத்து, எந்தத் துப்பு அதிகம் நம்பத் தகுந்தது என்று வரிசைப்படுத்தி, முதலில் பொருந்துகிற துப்பைக் கேட்டு முடிவெடுப்பது. எளிமையான யோசனை, பெரும்பாலும் சரியாக வரும்.

கணினி பேச ஆரம்பித்தது இதற்கெல்லாம் வெகு முன்னால். 1961-ல் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 ஒரு பாட்டே பாடிவிட்டது. 1976-ல் ரே கர்ஸ்வைல் பார்வையற்றோருக்காக, அச்சிட்ட பக்கத்தைப் படித்துச் சொல்லும் இயந்திரத்தை வெளியிட்டார். பாடும் கணினிக்குச் சுருக்கங்கள் தெரிந்திருக்கத் தேவையில்லை, என்ன ஒலிக்க வேண்டும் என்பதை மனிதர்களே ஊட்டிவிட்டார்கள். கண்ட பக்கத்தையும் படிக்க வேண்டிய இயந்திரத்துக்குத்தான் தலைவலி. பக்கத்தில் சொற்கள் மட்டுமா இருக்கின்றன? தேதி, தொலைபேசி எண், பின்னம், முன்னெழுத்து, அளவை, ரோமன் எண், நட்சத்திரக் குறி எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எதற்கும் பக்கத்தில் உச்சரிப்பு இல்லை. முதலில் இவற்றையெல்லாம் சொற்களாக மாற்ற வேண்டும், அப்புறம்தான் ஒலியாக மாற்ற முடியும்.

இந்த முதல் வேலையைத்தான் உரைச் சீராக்கம் என்கிறார்கள். குரலை இனிமையாக்குகிறவர்களுக்குக் கிடைக்கிற கைதட்டல் இதைச் செய்கிறவர்களுக்குக் கிடைப்பதில்லை. ரிச்சர்ட் ஸ்ப்ரோட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2001-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்தத் துறைக்கு அடிக்கல் மாதிரி. ஒரு சுருக்கத்தைக் கண்டால் மூன்றில் ஒன்றுதான் செய்ய முடியும் என்கிற பாகுபாடு அதில் இருக்கிறது. விரித்துச் சொல்லலாம், எழுத்தெழுத்தாகச் சொல்லலாம், அப்படியே ஒரு சொல்லாகச் சொல்லலாம். கி.மீ. என்றால் விரிக்க வேண்டும். எம்.எல்.ஏ. என்றால் எழுத்தெழுத்தாக. யுனெஸ்கோ என்றால் சொல்லாக. கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! எந்தச் சுருக்கம் எந்த வகை என்பது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதுதான் சங்கடம். ஆங்கிலத்தில் எஸ், டி, ஒரு புள்ளி என்றால் பெயருக்கு முன்னால் புனிதர், பெயருக்குப் பின்னால் தெரு. புனித ஜான் பெயரில் ஒரு தெரு இருந்தால் ஒரே முகவரியில் இரண்டும் வரும். “எங்களைத் தொடர்புகொள்ள” என்பதை ஒரு வலைத்தளம் முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால், அதில் “எங்களை” என்கிற “அஸ்” அமெரிக்காவாகி, “யூ எஸ்”ஸைத் தொடர்புகொள்ளச் சொல்லும் குரல்களை நானே கேட்டிருக்கிறேன்.

தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து இல்லை. அதனால் அந்தக் குழப்பம் இல்லை, அந்தத் துப்பும் இல்லை. நம்மிடம் இருப்பது புள்ளி ஒன்றுதான், அதையும் இப்போது பாதிப் பேர் வைப்பதில்லை. தி.மு.க. என்று புள்ளி வைத்து எழுதியது போய் திமுக என்று ஒட்டி எழுதுவது வழக்கமாகிவிட்டது. விதிப்படி வாசிக்கிற மென்பொருள் இதைக் கண்டால், இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் க என்று முடிவுகட்டி, “பகல்” என்பதில் வருவது போல இளக்கி வாசித்துவிடும். கட்சியின் பெயரை அப்படி யாரும் சொல்வதில்லை. கடைசி க-வை “கல்”லில் வருவது போல அழுத்தித்தான் சொல்கிறோம். புள்ளி எழுத்திலிருந்து மறைந்துவிட்டது, வாய் இன்னும் அதை நினைவில் வைத்திருக்கிறது.

புள்ளி வைத்தாலும் வம்புதான். புள்ளி என்றால் வாக்கியம் முடிந்தது என்று குரலை இறக்கி ஒரு மூச்சு விடுவது மென்பொருளின் பழக்கம். “உ. வே. சா. பதிப்பித்தார்” என்பதை அது “உ” என்று முடித்து, “வே” என்று முடித்து, “சா” என்று முடித்து, பிறகு புதிதாகப் “பதிப்பித்தார்” என்று தொடங்கும். கூப்பிட்டது யார், பதிப்பித்தது யார் என்று தெரியாமல் நாம் விழிக்க வேண்டும். கி.மு., கி.பி. இரண்டிலும் வேறு கேள்வி. விரித்தால் “கிறிஸ்துவுக்கு முன்”, விரிக்காவிட்டால் “கிமு”. இரண்டும் சரிதான். ஆனால் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு முறை வந்தால் பன்னிரண்டு முறையும் விரித்துக் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? எ.கா. அப்படி அல்ல. அதை “எகா” என்று வாசித்தால் யாருக்கும் புரியாது.

சுருக்கத்தைப் பார்த்துவிட்டு முழுச்சொல்லை வாயால் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று குறிகள் இருந்தன. யூனிகோடில் இவற்றுக்கு இன்றும் இடம் இருக்கிறது. நான் கேட்கும் குரலிடம் இவற்றைக் கொடுத்துப் பார்த்தேன். மரியாதையாக மௌனம் சாதித்தது. பழைய நூல்களின் அத்தியாய எண்கள் இன்னும் மோசம். தமிழ் எண்ணில் ஒன்றும் க என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், தட்டச்சு செய்தவர் எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டிருப்பார். மென்பொருள் அத்தியாயத் தலைப்பில் “க” என்று ஒரு தடவை கனைத்துவிட்டு மேலே போகும்.

எண்களுக்கு வருவோம். தமிழ் வாசிக்கும் மென்பொருளை நான் எடைபோடுவது இங்கேதான். சுருக்கமாவது அங்கொன்று இங்கொன்று. எண் இல்லாத பத்தி அபூர்வம்.

“100-க்கு 100 வாங்கினான்.” வாசித்துப் பாருங்கள். நூற்றுக்கு நூறு என்றுதானே வாசித்தீர்கள்? ஒரே வரியில், ஒரே இலக்கங்கள், இரண்டு விதமாக. எண்ணை முதலில் சொல்லாக மாற்றி, பிறகு பின்னால் நிற்கும் -க்கு என்பதை ஒட்டவைக்கிற மென்பொருள் “நூறு க்கு நூறு” என்று நடுவில் விக்கும். 1947-ல் என்பதை “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில்” என்று நாம் சொல்வது மூன்று வேலைகளை ஒரே மூச்சில் செய்வது. ஆயிரம் என்பது ஆயிரத்து ஆகிறது. ஏழு என்பதன் கடைசி உகரம் கழன்றுகொள்கிறது. அந்த இடத்தில் இல் வந்து உட்காருகிறது. 2000-ல் என்றால் கதை வேறு, கடைசியில் மகரம் போய் “இரண்டாயிரத்தில்”. எழுத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கோடும் ஒரே “ல்”லும்தான்.

ஒன்று இருக்கிறதே, அது தனி ரகம். “1 மணி” என்றால் ஒரு மணி. “மணி 1” என்றால் மணி ஒன்று. “1 ஆண்டு” என்றால் ஓர் ஆண்டு. “1-ம் வகுப்பு” என்றால் ஒன்றாம் வகுப்பு, “1-ம் எலிசபெத்” என்றால் முதலாம் எலிசபெத். ஒன்றாம் எலிசபெத் என்று வாசித்த குரலைக் கேட்டபோது, மகாராணியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களோ என்று தோன்றியது. இவற்றுக்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. தொல்காப்பியத்தின் குற்றியலுகரப் புணரியல், எண்ணுப்பெயர்கள் ஒன்றோடொன்றும் அளவைப் பெயர்களோடும் எப்படிச் சேரும் என்பதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. பள்ளியில் அதை மனப்பாடம் செய்து வெறுத்தவன் நான். இன்று ஒரு நிரலாளர் தமிழ் எண்களுக்கு விதி எழுத உட்கார்ந்தால் கிட்டத்தட்ட அந்த இயலைத்தான் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

நடுக்கோடும் லேசுப்பட்டது இல்லை. “5-10 நிமிடம்” என்றால் ஐந்து முதல் பத்து வரை, பேச்சில் அஞ்சு பத்து நிமிஷம். “3-2 என்ற கணக்கில் வென்றது” என்றால் மூன்றுக்கு இரண்டு. கணக்குப் புத்தகத்தில் அதே கோடு கழித்தல். “ரூ.” வந்தால் வரிசையே மாறும். எழுத்தில் முன்னால் நிற்பது வாயில் பின்னால் போகும், நடுவில் லட்சமோ கோடியோ இருந்தால் அதையும் தாண்டிப் போகும்.

இத்தனையையும் பார்த்துவிட்டு, சரி, நாமே திருத்திவிடலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். நான் பயன்படுத்தும் மென்பொருளில் உச்சரிப்பு அகராதி என்று ஒன்று இருக்கிறது. இடது கட்டத்தில் எழுத்தில் வருவது, வலது கட்டத்தில் வாயில் வர வேண்டியது. எ.கா. என்பதற்கு எடுத்துக்காட்டு என்று கொடுத்தேன். அழகாக வேலை செய்தது. பக். என்பதற்குப் பக்கம் என்று கொடுக்கும்போது, சிலர் புள்ளி வைக்க மாட்டார்களே என்று புள்ளி இல்லாமலே “பக்” என்று கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஒரு ஆன்மிகக் கட்டுரை. “பக்கம்தி” என்றது. பக்தி. இரண்டு வரி தள்ளிப் “பக்கம்குவம்”. பக்குவம். “பக்கம்” என்ற சொல்லே “பக்கம்கம்” ஆகிவிட்டது.

முழுச்சொல்லாக வந்தால் மட்டும் மாற்று என்று அகராதியில் ஒரு தேர்வு இருந்தது. அதை அழுத்தினேன். இப்போது இன்னும் விசித்திரம். பக்தி தொடர்ந்து பக்கம்தியாகவே இருந்தது. உண்மையிலேயே தனியாக நின்ற “பக்” மட்டும் மாறவில்லை. தலைகீழ். கி.மீ என்பதற்குக் கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தேன், அதிலும் அப்படியே. “10 கி.மீ தூரம்” மாறவில்லை. கட்டுரையாளர் பட்டியலில் கி.மீனாட்சி என்று ஒரு பெயர் வந்தால் மட்டும் “கிலோமீட்டர்னாட்சி” என்று மணிமணியாக வாசித்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின. ஒரு சொல் எங்கே முடிகிறது என்று பார்க்கக் கணினி வைத்திருக்கும் விதி இது: எழுத்தும் எழுத்தல்லாததும் சந்திக்கிற இடம்தான் சொல்லின் எல்லை. யூனிகோடில் “க்” என்பது ஒரே எழுத்து அல்ல. க ஒன்று, அதற்கு மேல் புள்ளி தனியாக ஒன்று. “மீ” என்பது ம, அதற்குப் பிறகு ஈகாரக் குறி. அந்த மென்பொருளின் தேடல் விதி மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நிறுத்தற்குறிகளோடு சேர்த்துத் தள்ளிவைத்துவிட்டது. ஆகவே “பக்தி”யில் புள்ளிக்கு அப்புறம் த என்ற எழுத்து வந்ததும், ஆகா, எல்லை என்று முடிவுகட்டியது. “பக்”குக்கு அப்புறம் வெற்றிடம் வந்தாலோ, அதன் கணக்கில் இரண்டு பக்கமும் எழுத்தல்லாதவை, ஆகவே எல்லை இல்லை. தமிழின் மெய்யெழுத்து எதுவுமே அதன் பார்வையில் சொல்லை முடித்துவைக்கத் தகுதியற்றது. கடைசியில், பின்னால் தமிழ் எழுத்தோ குறியோ வரக்கூடாது என்று நீளமாக ஒரு தேடல் வாய்பாட்டை நானே எழுதிச் சேர்த்துச் சமாளித்தேன். மீனாட்சி பிழைத்தாள்.

இந்தக் கூத்தையெல்லாம் ஒரு நண்பனிடம் போனில் சொன்னேன். அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. நான் வாரத்துக்கு நாலு மணி நேரம் கேட்பதை அவன் தினம் பத்து மணி நேரம் கேட்கிறான், அதுவும் என் காதுக்குக் கொசு ரீங்காரமாகப் படுகிற வேகத்தில். பாராட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

“எதுக்குடா இந்த வேலை? கி.மீ-ன்னு இருந்தா கி.மீ-ன்னே படிக்கட்டுமே. எனக்குத் தெரியாதா?”

“விரிச்சுச் சொன்னா வசதிதானே?”

“உனக்கு வசதி. உன் முன்னாடி பக்கம் இருக்கு, சந்தேகம் வந்தா கண்ணைத் திறந்து பார்த்துக்குவ. எனக்கு இந்தக் குரல்தான் பக்கம். அது விரிச்சுச் சொல்லுதா, அங்க அப்படியே எழுதியிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எனக்கு உறைத்தது. அவன் முன்பு ஆங்கிலத்துக்குப் பயன்படுத்திய ஒரு குரல், முகவரியில்லாத இடத்தில்கூட மருத்துவர்களையெல்லாம் சாலைகளாக வாசிக்குமாம். டி, ஆர் இரண்டும் டாக்டருக்கும் சுருக்கம், டிரைவ் என்ற சாலைப்பெயருக்கும் சுருக்கம். அப்படித் தப்பாக விரிப்பதைவிட “டி ஆர்” என்று விட்டிருந்தால் அவனே புரிந்துகொண்டிருப்பான். சுருக்கங்களை விரிப்பதை முழுக்க நிறுத்திவைக்கும் வசதி சில குரல்களில் உண்டு, அவன் முதலில் தேடிப்போவது அந்தப் பொத்தானைத்தான். எலோக்வன்ஸ் என்றொரு குரல் 1990களிலிருந்து இருக்கிறது. இன்றைய குரல்களோடு ஒப்பிட்டால் மூக்கடைத்த இயந்திரம். அதை விடமாட்டோம் என்று பார்வையற்ற பயனாளர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். 2022-ல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 16-ல் அதைச் சேர்த்தபோது அவர்கள் கொண்டாடினார்கள். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சொல் தெளிவாகக் கேட்கும், எந்தச் சொல்லை எப்படித் தப்பாகச் சொல்லும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. தெரிந்த தப்பு அவர்களுக்குத் தப்பே அல்ல, அது அந்தக் குரலின் பேச்சுவழக்கு.

நான் இந்த விஷயத்தில் இப்போது அவன் கட்சி. 2016-ல் வேவ்நெட் என்ற, ஏராளமான பேச்சைக் கேட்டுத் தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலை மென்பொருள் வந்தது முதல் குரல்கள் மூச்சு விடுகின்றன, தயங்குகின்றன, சிரிக்கக்கூடச் செய்கின்றன. ஆனால் உரையைச் சொல்லாக்கும் வேலையையும் அதே மாதிரியான ஒரு நரம்பு வலையிடம் ஒப்படைத்தபோது என்ன நடந்தது என்பதை ஸ்ப்ரோட்டும் நவ்தீப் ஜெய்ட்லியும் அதே 2016-ல் எழுதினார்கள். பெரும்பாலும் மிகச் சரியாக இருக்கும், எப்போதாவது ஓர் எண்ணையோ அளவையையோ முற்றிலும் வேறொன்றாக வாசித்துவிடும். விதி எழுதியவர் இந்த மாதிரித் தப்பைச் செய்யவே மாட்டார். எண்ணும் அளவையும் வருகிற இடங்களில் இலக்கண விதிகளை வேலியாகப் போட்டே அந்த வலையை ஓடவிட வேண்டியிருந்தது. தகரக்குரல் “கி மீ” என்று தடுக்கினால் ஏதோ சுருக்கம் என்று காது நிமிர்ந்து உட்காரும். வெண்ணெய்க் குரல் ஒன்று, தடுமாற்றமே இல்லாமல், மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் கிராம் என்று சொன்னால்? மருந்துச் சீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவர் நிமிர்ந்து உட்கார எந்தக் காரணமும் இருக்காது.

எழுதுகிறவர்களே உச்சரிப்பைக் குறித்துக்கொடுக்க வழி இல்லாமலும் இல்லை. பேச்சுக்கான குறிமொழி ஒன்று 2004-லேயே உலகளாவிய வலைச் சங்கத்தின் பரிந்துரையாகிவிட்டது. இந்தச் சுருக்கத்துக்குப் பதில் இதைச் சொல், இதை எழுத்தெழுத்தாகச் சொல், இதைத் தேதியாகச் சொல், இதன் ஒலி இது என்றெல்லாம் அதில் குறிக்கலாம். பாவத்துக்கு எந்தப் பா என்றும் குறிக்கலாம். ஒற்றே போடாதவர்களா இதைப் போடப்போகிறார்கள்? நான் செய்வது ஒன்றே ஒன்று. எ.கா. என்று எழுதுவதை விட்டுவிட்டேன். உதாரணமாக என்றே எழுதிவிடுகிறேன். தட்டச்சில் நாலைந்து விசை கூடுதல், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரையை முடித்ததும் நண்பனுக்குத்தான் முதலில் அனுப்பினேன். அவன் தமிழுக்கு வைத்திருப்பது அந்தத் தகரக்குரல்தான். கால் மணி நேரத்தில் போன் வந்தது.

“எல்லாம் சரி. ஆரம்பத்துல பாட்டுப் பா, பாரதிப் பான்னு ஏதோ சொல்றியே, என்ன வித்தியாசம்? எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் படிக்குது.”

வாயால் சொல்லிக் காட்டினேன். இரண்டு முறை.

“அட, இதுவா! இதை இப்படியே எழுதியிருக்கலாமே.”